பிரிக்காத உறைகள்

பிப்ரவரி 3

சோடாபுட்டித் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். மூன்று மாதமாக என்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லையே என்று நீ திட்டியிருப்பாய். திட்டு, பரவாயில்லை. நாள் முழுக்க ஆபீசில் சீட்டு எழுதியே கை ஓய்ந்துவிடுகிறது, வீட்டுக்கு வந்தால் பேனாவைப் பார்க்கவே பிடிக்கவில்லை. போனில் கூப்பிட்டால் நீ லிஃப்ட் குழிக்குள் இருக்கிறாய். வெளியே வந்தால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை நீ நடுவில் வைக்க முடியாது பார், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் நாணயச்சாலைக்குப் புது இயக்குநர் வந்திருக்கிறார். நல்ல மனுஷன்தான், ஆனால் எதைப் பார்த்தாலும் "இது எதுக்கு?" என்று கேட்கிற ரகம். வந்த வாரமே நினைவு நாணயங்களின் பட்டியலை வாங்கிப் பார்த்தார். போன வருடம் மட்டும் அறுபத்திரண்டு வெளியீடு. தெருவிளக்குக்கு ஒன்று. மின்படிக்கட்டு வந்து ஐம்பது வருடம் ஆனதற்கு ஒன்று. குடைக்கு நான்கு: வெள்ளியில், செம்பில், வண்ணம் பூசி, நடுவில் ஓட்டை போட்டு. "குடைக்கு எதுக்குங்க நாலு?" என்று என்னைக் கேட்டார். "மழை அதிகம் சார்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இப்போது ஒரு குழு போட்டிருக்கிறார்கள். கேள்வி ஒன்றே ஒன்றுதான். நாம் அளவுக்கு மீறி நினைவு நாணயம் வெளியிடுகிறோமா, இல்லையா? ஒவ்வொரு காசோடும் உறைக்குள் போகிற விவரச் சீட்டை இருபத்தெட்டு வருடமாக எழுதுகிறவள் என்பதால் என்னையும் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிவிட்டார். ஏப்ரல் நடுவில் கூட்டம்.

எழுத உட்கார்ந்தால் மண்டை காய்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது வருடத்துக்கு இரண்டே காசு. ஒரு சீட்டுக்காக ஆறு மாதம் நூலகமே கதி என்று கிடப்பேன். இப்போது திங்கட்கிழமை தெருவிளக்கு, வியாழக்கிழமை தேனீ. எதை எழுதினேன், எதை எழுதவில்லை என்று எனக்கே தெரியவில்லை. அதிகம் என்றுதான் தோன்றுகிறது. அப்படித் தோன்றிய மறு நிமிடம், ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் ஆசையாகக் காத்திருக்கிறாரே என்றும் தோன்றுகிறது. அந்த யாரோ ஒருவர் யார்? நீதான். முதல் காசிலிருந்து ஒன்றுகூட விடாமல் வாங்குகிறவன் எனக்குத் தெரிந்து நீ ஒருத்தன்தான்.

அதனால் உன்னையே கேட்கிறேன். நாணயத்தைப் பற்றிக் கேட்கிறேன், நாணயமாகப் பதில் சொல். அதிகமா, இல்லையா? அதிகம் என்று முடிவானால் எங்கள் பிரிவைக் கலைத்து, பதினொரு பேரையும் ஆளுக்கொரு மூலையில் தூக்கிப் போடுவார்கள், என்னையும் சேர்த்து. அதையெல்லாம் நீ மனதில் வைத்துக்கொண்டு பதில் எழுதாதே.

உன் பெண்டாட்டியின் முதுகுவலி இப்போது எப்படி? நான் விசாரித்தேன் என்று சொல்.

குழப்பத்தோடு,
அக்கா


பிப்ரவரி 14

அக்காவுக்கு,

கடிதம் வந்த அன்றே பதில் எழுதியிருப்பேன். ஒரு பல் மருத்துவமனையில் லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே டாக்டரே மாட்டிக்கொண்டார். நான் மேலே இருந்து, "கொஞ்சம் பொறுத்துக்குங்க டாக்டர், வலிக்காது" என்றேன். அவருக்குச் சிரிப்பே வரவில்லை. அந்த லிஃப்டோடு நான்கு நாள் போராட்டம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அதிகமா? யார் சொன்னது? அதிகமே இல்லை அக்கா. வருடத்துக்கு ஐம்பத்திரண்டு வாரம். வாரத்துக்கு ஒன்று போட்டாலே ஐம்பத்திரண்டு ஆகிவிடுகிறது. மிச்சம் பத்துதானே கூட? இதைப் போய் ஒரு குழு போட்டுப் பேசுகிறார்களா? இன்னும் கொஞ்சம் போட்டால்கூட என்னைப் போன்றவர்கள் வாங்கத்தான் போகிறோம். உன் பக்கத்தில் பெரிதாக "இல்லை" என்று எழுது. எழுதிக் கீழே கோடு போடு.

இவளுக்கு முதுகு தேவலை. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் மட்டும் வலி வந்துவிடுகிறது. "துணி வெக்க எடமில்ல, காசு வெக்க மட்டும் எடமிருக்கு" என்று ஒரு பாட்டு. நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. காசுகள் பத்திரமாக இருக்கின்றன. சீட்டுகள் எல்லாம் முதல் தரம்.

பதினொரு பேரையும் எங்கே தூக்கிப் போடுவார்கள்? உன்னையுமா? இருபத்தெட்டு வருடம் எழுதினவளுக்கு என்ன வேலை கொடுப்பார்கள்? வீட்டிலும் தனியாக இருக்கிறாய், ஆபீசிலும் எழுதுகிற வேலை இல்லை என்றால் உனக்குப் பொழுது எப்படிப் போகும்? சும்மா கேட்டேன். இதை மனதில் வைத்துக்கொண்டு நான் பதில் சொல்லவில்லை. காசு அதிகமில்லை என்பது காசைப் பற்றிய என் சொந்தக் கருத்து.

தைரியமாக இரு.

உன் சோடாபுட்டி


பிப்ரவரி 26

தம்பி,

உன் கடிதம் வந்த பிறகு குழப்பம் இரண்டு மடங்கு. நீ "அதிகம்" என்று எழுதுவாய் என்று நினைத்து, முக்கால் பக்கம் "ஆமாம், அதிகம்" என்று எழுதி வைத்திருந்தேன். உன் கடிதத்தைப் படித்ததும் அதைக் கிழித்தேன். கிழித்துவிட்டு "இல்லை, அதிகமில்லை" என்று எழுத ஆரம்பித்தால் இரண்டாவது வரிக்கு மேல் பேனா நகரமாட்டேன் என்கிறது. கிழித்ததை எடுத்து மறுபடி பசை போட்டு ஒட்டினேன். பக்கத்து மேசைப் பெண், "என்ன மேடம், வீட்டுப் பாடமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். போன வருடப் பட்டியல் நாற்பத்தெட்டோடு நின்றிருக்க வேண்டியது. கூட்டத்தில் எழுந்து நின்று, இன்னும் பதினான்கு வேண்டும் என்று சண்டை போட்டவள் நான்தான். பழைய இயக்குநரே "ஏம்மா, நீங்கதானே எழுதணும்?" என்று கேட்டார். உனக்காகத்தான் போட்டேன். உன் பெண்டாட்டிக்கு முதுகில் ஆபரேஷன் ஆன சமயத்தில் நீ எழுதியிருந்தாயே: "இப்போதைக்கு இந்த வீட்டுக்கு வருகிற ஒரே நல்ல விஷயம் உன் உறைதான் அக்கா. அடிக்கடி வந்தால் நன்றாக இருக்கும்." அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு ஒரு ராத்திரி தூக்கமில்லை. என் கையில் இருப்பது அது ஒன்றுதானே என்று கூட்டத்துக்குப் போய்க் கேட்டு வாங்கினேன். இப்போது நானே அதிகம் என்று எழுதினால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? எழுதாவிட்டால் என்னைப் பற்றி நான் என்ன நினைப்பேன்?

நீ சொன்னது போலவே எல்லாச் சந்தாதாரர்களும் சொல்கிறார்களா என்று பார்க்க ஒரு கேள்வித்தாள் அச்சடித்திருக்கிறோம். "நினைவு நாணயங்கள் அதிகம் என்று கருதுகிறீர்களா?" என்று ஒரே கேள்வி. தனியாக அனுப்பினால் தபால் செலவு என்று இந்த வாரத்து உறைக்குள்ளேயே வைத்து அனுப்பிவிட்டோம். நிரப்பி அனுப்பு.

என் பக்கத்திலும் ஒரு சந்தாதாரர் சொன்னதாகக் கொஞ்சம் எழுதலாம் என்று பார்க்கிறேன். உனக்கு மிகவும் பிடித்த மூன்று காசு எது, ஏன் பிடித்தது, எழுது. சீட்டில் என்ன பிடித்தது என்றும் எழுது. போன ஏப்ரலில் வந்த படகுச் சேவைக் காசு எப்படி? அதைப் பற்றி மட்டும் நீ ஒன்றுமே சொல்லவில்லை. நானும் கேட்காமல் இருந்து பார்த்தேன்.

இரண்டு மனதோடு,
அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

எனக்காகவா பதினான்கு? கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இவளிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும், அதை உனக்கு எழுத முடியாது.

பிடித்த மூன்று என்றால் எதைச் சொல்வது, எதை விடுவது? எல்லாமே நல்ல காசு. சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த ஓட்டை போட்ட குடை. அப்புறம் தேனீ. தேனீயின் சிறகில் எவ்வளவு நுணுக்கமான வேலை! மூன்றாவது, தெருவிளக்கு. சீட்டில் தெருவிளக்கைப் பற்றி நீ எழுதியிருந்தது படிக்கப் படிக்க வெளிச்சமாக இருந்தது.

படகுக் காசைப் பற்றிச் சொல்லவில்லையா? சொன்னேன் என்றுதான் நினைத்தேன். பிரமாதம். படகு நன்றாக மின்னுகிறது. தண்ணீர், அலை எல்லாம் தத்ரூபம். சீட்டும் அருமை, தேதி எல்லாம் சரியாக இருந்தது.

கேள்வித்தாளை அன்றைக்கே நிரப்பி அனுப்பிவிட்டேனே, வரவில்லையா? தபாலில் எங்காவது சுற்றிக்கொண்டிருக்கும்.

இன்றைக்கு ஒரு பதினாறு மாடிக் கட்டடம். கயிற்றுக்கு கிரீஸ் போட வேண்டும், கிளம்புகிறேன். நீ ஒன்றும் யோசிக்காமல் "இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இரு.

அவசரத்தில்,
சோடாபுட்டி


மார்ச் 17

தம்பிக்கு,

படகுக் காசில் படகு கிடையாது. தண்ணீரும் கிடையாது, அலையும் கிடையாது. பயணச்சீட்டில் ஓட்டை போடுகிற கருவி ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். அதைப் போடச் சொல்லி ஓவியரிடம் மல்லுக்கு நின்றவள் நான். படகு வேலைக்குப் போகும்போது அப்பா இடுப்பில் தொங்கவிட்டிருந்தாரே, அதே கருவி.

அந்தச் சீட்டில் ஒரு பத்தி இருக்கிறது. "கடைசிப் படகில் சீட்டு இல்லாதவர்களையும் ஏற்றி, எந்திர அறைக்குப் பக்கத்தில் கதகதப்பாக உட்காரவைக்கும் பரிசோதகர் ஒருவர் இருந்தார். யாரையும் கரையில் விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வராது." ஆதாரம் இல்லாத தகவலை எப்படிச் சேர்த்தீர்கள் என்று பழைய இயக்குநரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எங்கள் அப்பாதான் ஆதாரம் என்று எப்படிச் சொல்ல முடியும்? இருபதாயிரம் பிரதி அச்சடித்தார்கள். நான் எழுதியது ஒரே ஒருத்தனுக்காக. அப்பாவைப் பற்றி அரசாங்கமே அச்சடித்திருக்கிறதே அக்கா என்று நீ எழுதுவாய் என்று பதினோரு மாதம் காத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

உன் பெயரில் கேள்வித்தாள் எதுவும் வரவில்லை. பதிவேட்டை நானே பார்த்தேன்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ பித்துப் பிடித்தாற்போல் வாங்குகிறாய் என்று நினைத்துத்தானே இத்தனையும்? நீ சீட்டைப் படிக்கிறாயா, இல்லையா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் போதும். என்னைக் குழுவில் கேட்பது போலவே உன்னைக் கேட்கிறேன்.

அக்கா


மார்ச் 30

அக்காவுக்கு,

இல்லை. படிக்கவில்லை.

இந்த இரண்டு வார்த்தையை எழுதப் பத்து நாள் ஆயிற்று. இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது, எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். கோபப்படு, ஆனால் கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படு.

எனக்குக் காசு சேர்க்கிற ஆசையே கிடையாது. என்றைக்குமே கிடையாது. நீ வேலைக்குச் சேர்ந்ததும் முதல் காசைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, "எப்படிடா?" என்றாய். "சூப்பர்க்கா" என்றேன். வேறு என்ன சொல்வது? அடுத்த வருடம், "யாருமே சந்தா கட்ட மாட்டேங்கறாங்கடா, எங்க பிரிவையே மூடிடுவாங்க போல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாய். மறுநாள் போய்ச் சந்தா கட்டிவிட்டு வந்தேன். என்னைக் காசுப் பைத்தியம் என்று நீ நினைத்துக்கொண்டாய். உன் வேலையைக் காப்பாற்றுவதாக நான் நினைத்துக்கொண்டேன். இதில் யார் யாருக்காக எதைச் செய்தோம் என்று இப்போது யோசித்தால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஆரம்பத்தில் எல்லாவற்றையும் பிரித்துப் படித்தேன், சத்தியமாக. வருடத்துக்கு இரண்டு, நாலு, பத்து என்று இருந்தவரை. அந்தக் கலங்கரை விளக்கச் சீட்டை இப்போதும் பார்க்காமல் ஒப்பிப்பேன். அப்புறம் வாரத்துக்கு ஒன்று, ஒன்றரை என்று வர ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை படிக்கலாம் என்று அலமாரியில் வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்து எங்காவது லிஃப்ட் நிற்கும். நேற்று அலமாரியைக் காலி செய்து தரையில் அடுக்கினோம். பிரிக்காத உறைகள் இருநூற்றுப் பதினொன்று. உன் கேள்வித்தாளும் அதில் ஒன்றுக்குள்தான் இருக்கும். நிரப்பி அனுப்பியதாகச் சொன்னது பச்சைப் புளுகு. தேனீயும் தெருவிளக்கும் உன் கடிதத்தைப் பார்த்து எழுதியது.

படகு உறையைத் தேடி எடுத்துக் கத்தரியால் வெட்டிப் பிரித்தேன். நின்றபடியே படித்தேன். உட்கார்ந்து மறுபடி படித்தேன். அக்கா, ஒன்று சொல்ல வேண்டும், உனக்கு வலிக்கும். அப்பா எல்லோரையும் ஏற்றிக்கொண்டது, விட்டுவிட்டுப் போக மனம் வராததால் இல்லை. அவருக்குக் கண் தெரியவில்லை. எனக்கு முதல் கண்ணாடி வாங்கப் போனோமே, அந்தக் கடையில் வைத்து அவரே என்னிடம் சொன்னார். "பொழுது சாஞ்சா சீட்டு வெள்ளையா மஞ்சளான்னே எனக்குத் தெரியாதுடா. எறங்குன்னு சொல்லி, அவன் சரியான சீட்டு வெச்சிருந்தா? அதான் எல்லாரையும் உள்ள உக்கார வெச்சிட்டேன். வெளிய தெரிஞ்சா வேலை போயிடும். அக்காகிட்ட சொல்லிடாத, அவ என்னைப் பெரிய ஆளா நெனச்சிட்டிருக்கா." நாற்பத்தைந்து வருடமாக நான் சொல்லவில்லை. சீட்டு வந்த அன்றே படித்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் பஸ்ஸில் சில்லறை இல்லாமல், எப்போதோ பிரித்த ஒரு உறையிலிருந்து பையில் விழுந்து கிடந்த குடைக் காசை எடுத்து நீட்டினேன். கண்டக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதெல்லாம் காசா சார்? ஓட்டையெல்லாம் இருக்கு?" என்றார். "அரசாங்கக் காசுங்க. எங்க அக்கா ஆபீஸ்ல அடிச்சது" என்றேன். "அப்போ உங்க அக்கா பஸ்லயே போங்க" என்று நடுவழியில் இறக்கிவிட்டார். செல்லாக்காசாக இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். அன்றைக்கே உனக்கு எழுதியிருந்தால் நீ சிரித்திருப்பாய். எழுதவில்லை.

கடைசியாக, அந்த உறை. ஆபரேஷன் சமயத்தில் நான் எழுதியது காசு உறையை இல்லை அக்கா. உன் கடித உறையைச் சொன்னேன். பதினைந்து நாளுக்கு ஒன்று எழுதுவாயே, பக்கத்து மேசைப் பெண், மழை, ஒழுகும் குழாய் என்று எல்லாம் கலந்து. ஆஸ்பத்திரி வராந்தாவில் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அடிக்கடி வந்தால் நன்றாக இருக்கும் என்று எழுதினேன். அதன் பிறகு காசு அடிக்கடி வந்தது, நீ எழுதுவது குறைந்து குறைந்து நின்றேபோயிற்று. வேலை ஜாஸ்தி போல என்று நினைத்துக்கொண்டேன்.

அதிகம் அக்கா. ரொம்ப அதிகம். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. நீ குழுவில் என்ன எழுத வேண்டும் என்று இனிமேல் நான் சொல்ல மாட்டேன். சொன்னதெல்லாம் போதும்.

உன் தம்பி


ஏப்ரல் 25

தம்பிக்கு,

மூன்று நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். நாலாவது நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது "உங்க அக்கா பஸ்லயே போங்க" நினைவுக்கு வந்து தனியாகச் சிரித்தேன். அப்புறம் அழுகையும் வந்தது. எது எதற்கு வந்தது என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

கூட்டம் நடந்தது. என் ஒரு பக்கத்தை நான் எழுதவே இல்லை, வெறும் காகிதத்தோடு போய் உட்கார்ந்தேன். இயக்குநர் கேள்வித்தாளின் முடிவை வாசித்தார். நாலாயிரத்து இருநூறு சந்தாதாரர்களுக்கு அனுப்பினோம். பதில் வந்தது இருபத்தாறு. இருபத்தாறு பேரும் "அதிகமில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். "மத்தவங்க ஒண்ணும் சொல்லல. சொல்லலைன்னா திருப்தின்னுதானே அர்த்தம்? வேணும்னா அடுத்த வருஷம் எண்பதுகூடப் போடலாம்" என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். இயக்குநர்கூடக் குழம்பிப்போய்த் தலையாட்டினார்.

நான் எழுந்துவிட்டேன். எழுந்ததே எனக்குத் தெரியாது. "கேள்வித்தாள எங்க வெச்சு அனுப்பினோம்?" என்று கேட்டேன்.

"உறைக்குள்ள."

"உறைய யாரு பிரிச்சா?"

அப்புறம் இயக்குநர், "பிரிக்கலைங்கறதுக்கு எழுத்துல ஏதாவது ஆதாரம் இருக்காம்மா?" என்று கேட்டார். உன் கடிதம் என் கைப்பையில் இருந்தது.

பத்து நிமிடம் அவகாசம் கேட்டேன். பொதி கட்டும் மேசைக்குப் போய்க் கத்தரியை எடுத்து, அப்பா இருந்த பத்தியை மட்டும் வெட்டி எடுத்தேன். அதை அவர்கள் படிக்கக் கூடாது என்று தோன்றியது. வேலை போய்விடும் என்று அவர் பயந்தாரே, போய்ச் சேர்ந்து இத்தனை வருடம் கழித்தும் அவர் வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம். பைத்தியக்காரத்தனம்தான். நீ தாளின் இரண்டு பக்கத்திலும் எழுதுகிறவனாயிற்றே, பின்பக்கத்தில் கண்டக்டரில் பாதி போய்விட்டார். இயக்குநர் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்து, "இதெல்லாம் காசா சார்" என்ற இடத்தில் நின்றுவிட்டார். மிச்சத்தை நான் வாயால் சொன்னேன். அறையே சிரித்தது. கடித உறையைப் பற்றி நீ எழுதியிருந்ததை வாசித்தபோது யாரும் சிரிக்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வருடத்திலிருந்து பன்னிரண்டு வெளியீடு. எங்கள் பிரிவை இப்போதே மூன்று பேராகக் குறைத்துவிட்டார்கள். அந்த மூன்றில் நான் இல்லை. விலாசம் தவறித் திரும்பி வருகிற உறைகளை அடுக்கும் அறையில் இருக்கிறேன், ஓய்வு பெறும்வரை அங்கேதான். பக்கத்து மேசைப் பெண்ணைத் தூரத்துக் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறாள். என்னிடம் பேசுவதில்லை. அவளைப் பார்த்தால், உட்கார்ந்தே இருந்திருக்கலாமோ என்று படுகிறது. உன் அலமாரியை நினைத்தால் எழுந்தது சரி என்று படுகிறது. ஒரு முடிவுக்கு வர முடியவில்லை, வரும் என்றும் தோன்றவில்லை.

அப்பா விஷயமும் அப்படித்தான். நான் எழுதியது தப்பு, அதுவும் அரசாங்க முத்திரையோடு. இருபதாயிரம் பிரதியில் ஒருத்தர்கூட இது தவறு என்று எழுதவில்லை. திருத்தம் போட வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன். "அவருக்கு மனம் வராது என்பதை, அவருக்குக் கண் தெரியாது என்று திருத்தி வாசிக்கவும்" என்று எழுதிப் பார்த்தேன். அதுவும் முழுசாகச் சரியில்லை. கண் தெரியாதவர் எல்லோரையும் இறக்கியும் விட்டிருக்கலாமே? அவர் உட்காரவைத்தாரே. எது காரணம் என்று அவருக்காவது தெரிந்திருக்குமா? திருத்தம் போடவில்லை. வெட்டிய அந்தத் துண்டை மட்டும் நான் வைத்திருக்கிறேன், மிச்சக் கடிதம் கோப்பில் போய்விட்டது.

இன்றைக்கு உன் சந்தாவை நானே ரத்து செய்தேன். காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. அதில் "அக்காவின் வேண்டுகோள்" என்று எழுதினேன். குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

வருகிற சனிக்கிழமை காலைப் பஸ்ஸில் வருகிறேன். உன் பெண்டாட்டியிடம் எனக்காக ஒன்றும் மெனக்கெட வேண்டாம் என்று சொல், படுக்க ஒரு பாய் போதும். அந்த இருநூற்றுப் பத்து உறைகளையும் நீ பிரிக்காதே, வேலைக் களைப்பில் உன்னால் ஆகாது. நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்துக் காட்டுகிறேன். முக்கால்வாசி சுமார்தான், நானே பாதித் தூக்கத்தில் எழுதியவை. போரடித்தால் நிறுத்தச் சொல். என் மூஞ்சியைப் பார்த்துச் சொல். எனக்குக் கோபம் வரத்தான் வரும். அதற்குப் பயந்து சொல்லாமல் இருந்துவிடாதே.

உன் அக்கா